எலும்புப் படத்துக்குத் தீட்டாம்

அம்மாளை நம்பியிருக்கிற சனங்களே, இதை உங்களிட்டச் சொல்லத்தான் வேணும். சொல்லாம விட்டா என்ர வயித்தெரிச்சல் அடங்காது.

யப்பான் சண்டைக்கு முந்தின மாசி மாதம். என்ர கடைசிக் கொடுப்புப் பல்லு வெளியில வர வழியில்லாம, தாடைக்குள்ள குறுக்கால படுத்துக் கிடந்தது. முகம் வீங்கிப்போச்சு. கஞ்சி கூட இறங்கேல்ல. ஆசுபத்திரியில பிடுங்கினாச் சரி எண்டாங்க. எனக்குப் பயம். குருக்கள்மடம் எண்ட ஊரில இருக்கிற என்ர அண்ணனுக்கு இதே பல்லை ஒருத்தன் உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு பாக்காம இழுத்தெடுத்தவன். அண்டு தொட்டு அண்ணன்ட கீழ்ச்சொண்டு மரத்துப்போச்சு. சோறு வழிஞ்சாலும் அவருக்குத் தெரியாது. நான் எங்கட அம்மன் கோயிலில சங்கு ஊதுறவன். சொண்டு செத்தா, உதட்டைக் குவிக்காம எதால ஊதுற?

கோயில் வாசலில விழுந்து அழுதன். "தாயே, என்ர சொண்டை எனக்கு விட்டுத் தா" எண்டு கோவத்தோடதான் கேட்டன்.

அடுத்த கிழமை ஆசுபத்திரிக்கு ஒரு புது டாக்குத்தர் வந்தார். "இதை இப்பிடியே தொடமாட்டன். நரம்பு எங்க ஓடுதெண்டு படம் எடுத்துப் பாக்கோணும். கொழும்புக்குப் போங்க" எண்டார். அதுவரைக்கும் என்னைப் பாத்த ஒருத்தரும் அப்பிடிச் சொன்னதில்ல. அம்மாள்தான் அவரைக் கொண்டுவந்து விட்டவ.

என்ர மனிசியையும் கூட்டிக்கொண்டு கோச்சி ரயில் ஏறிப் போனன். எக்ஸ்ரே பிடிச்சாங்க. அங்கத்தப் பல் டாக்குத்தர் படத்தை வெளிச்சத்தில பிடிச்சுக் காட்டினார். தாடையெலும்புக்குள்ள மெல்லிசா ஒரு குழாய். சொண்டுக்குப் போற நரம்பு அதுக்குள்ளாலதான் ஓடுதாம். என்ர பல்லின்ர வேர் அதில முட்டிக்கொண்டு நிண்டது. இழுத்திருந்தா நரம்பு நசிஞ்சிருக்கும் எண்டார். பல்லை உள்ளுக்கே வைச்சு உடைச்சு, துண்டு துண்டா எடுத்தார்.

அடுத்த நாள் விடிய மனிசி தேத்தண்ணி தந்தா. வாயில வைச்சன். சொண்டு சுட்டுது. சந்தோசத்தில அழுதுபோட்டன்.

ஊருக்கு வந்து படத்தை எல்லாருக்கும் காட்டினன். அதுதான் வினையாப்போச்சு. வருசத்துக்கொருக்கா நடக்கிற வைகாசிச் சடங்குக்குக் கோயில் கதவு திறக்கக்கொள்ள, கோயிலை நடத்துற வண்ணக்கர் என்னை வாசலில மறிச்சார்.

"தம்பி, செத்த ஆளின்ர எலும்பைத்தான் கண்ணால காணுற. நீ உன்ர எலும்பையே கண்டுபோட்டாய். இது தீட்டு. இந்த வருசம் சங்கைத் தொடாத."

எனக்குப் பத்திக்கொண்டு வந்திது. "ஐயா, படம் எடுக்க முந்தியும் இந்த எலும்போடதானே கோயிலுக்கு வந்தநான்? நீங்க உங்கட எலும்பை வீட்ட கழட்டி வைச்சுப்போட்டா வாறீங்க?"

சனம் சிரிச்சது. அவர் சிரிக்கேல்ல. சங்கும் தரேல்ல.

அம்மாள் காப்பாத்தித் தந்த சொண்டு. அதுக்கு வழி காட்டித்தந்த படத்துக்குத் தீட்டாம். இண்டைக்கு நினைச்சாலும் எரியுது.

சடங்கின்ர கடைசி நாள், அம்மாளைக் குளிரப்பண்ணுற குளிர்த்தி அண்டு, வீட்டில இருந்த சங்கை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பக்கத்து வாவிக்கரையில இறங்கினன். கோயிலைப் பாத்து நிண்டு மூச்செல்லாம் குடுத்து ஊதினன். உள்ளுக்குக் குரவை போட்ட பொம்பிளையள் வெளியில வந்து, என்ர பக்கம் கிறுகி நிண்டு குரவை போட்டாங்க. முதல் வந்தவ வண்ணக்கரின்ர மனிசி.

மறு வருசம் கோயில் சங்கு என்ர கைக்கு வந்திது. இண்டைக்கும் நான்தான் ஊதுறன். ஊரில ஆருக்கும் தாடை வீங்கினா, நான்தான் டாக்குத்தரிட்டக் கூட்டிக்கொண்டு போறன். அம்மாளிட்டக் கேளுங்க. அழுதும் கேளுங்க, கோவிச்சும் கேளுங்க. ஆனா அவ தாறதைத் தீட்டெண்டு தள்ளிப்போடாதீங்க.