தொழுநை என்று நான் சொன்னது

யமுனையின் பெயர்களுக்கென்று தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பெயரையும் எந்தத் தேதியில், எந்த நூலகத்தில் பார்த்தேன் என்று ஓரத்தில் குறித்துவிடுவேன். இரட்டை என்று பொருள்படும் யம என்ற வடசொல்லிலிருந்து யமுனை வந்தது என்பார்கள். கங்கைக்கு இணையாக ஓடுவதால் என்று ஒரு கட்சி, யமனோடு கூடப் பிறந்தவள் என்பதால் என்று இன்னொரு கட்சி. களிந்த மலையிலிருந்து இறங்குவதால் காளிந்தி. ஹிந்திக்காரர் வாயில் ஜம்னா, வெள்ளைக்காரர் கோப்புகளில் ஜும்னா, பாரசீகத்தில் எழுதியவர்களுக்கு ஜௌன், கிரேக்கர்களுக்கு தியமுனா. பழந்தமிழில் தொழுநை. தொழுநை கண்ணில் பட்ட அன்று ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டேன்.

நோட்டு தவிர டைரியும் உண்டு. அதில் அன்றன்று நடந்ததை எழுதுவேன்.

டெல்லி கிட்வாய் நகரில் எங்களுக்குக் கீழ்வீட்டில் இருந்த அம்மா ஒரு நவம்பரில் இறந்துபோனார். அவருடைய கணவர் வேறொரு அமைச்சகத்தில் அதிகாரி, ஓய்வு பெற ஒரு வருஷம்தான் பாக்கி. ஓய்வுக்குப் பிறகு இருவரும் திருச்சி பக்கம் காவிரிக்கரையில் இருக்கிற ஊருக்கே போய்விடுவதாக ஏற்பாடு. கணவருக்கு இருதய ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பயணம் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒரே மகன் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை திரும்ப டிக்கெட்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அஸ்திக் கலயம் துணி கட்டி பால்கனிக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க சொல்லுங்க சார்," என்றார் அவர். "ஒரு ஆத்துக்கும் இன்னொரு ஆத்துக்கும் வித்தியாசம் உண்டுதானே? இவன் இங்கேயே யமுனாவுல கரைச்சிடலாங்கிறான். அவ காவிரியிலதான் கரைக்கணும்னு சொன்னா."

"அம்மா என்கிட்ட சொல்லவே இல்லை. எப்ப சொன்னாங்க?" என்றான் மகன்.

"எப்பவோ சொன்னாடா."

"எப்போன்னு சொல்லுங்கப்பா. எந்த வருஷம்? உங்களுக்கே ஞாபகம் இல்லை. திருச்சிக்குப் போனா ஃபிளைட்டை மாத்தணும், லீவு கேட்கணும்." பிறகு என் பக்கம் திரும்பினான். "அங்கிள், தமிழ்ல யமுனாவுக்கு வேர்ட் ஏதாவது இருக்கா? இல்லை, இது சும்மா நார்த் இண்டியன் நதியா?"

அவர் என்னைப் பார்த்தார். தன் பக்கம் பேசத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அந்த அம்மா சொன்னது எந்த நாள் என்று எனக்குத் தெரியும். ஓர் ஆடிப் பதினெட்டு. டெல்லிக்கு வந்த நாளிலிருந்து அந்த அம்மா அன்றைக்கு யமுனைக்குப் போனதில்லை. பால்கனியில் பக்கெட்டில் தண்ணீர் நிரப்பி, மஞ்சள் போட்டு, அதில் விளக்கை மிதக்க விடுவார். அந்த வருஷம் கலந்த சாதம் சாப்பிட நாங்களும் போயிருந்தோம். நான் யமுனையின் பெயர்களை விளக்கிக்கொண்டிருந்தேன். "உங்க யமுனா சமாசாரமெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்று என்னிடம் சொல்லிவிட்டு, கணவர் பக்கம் திரும்பி, "என்னை மட்டும் அதுல கரைச்சிடாதீங்க. காவிரிதான்," என்றார். எல்லோரும் சிரித்தோம். இரவே டைரியில் எழுதிவிட்டேன்.

அதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆனால் தமிழில் பெயர் உண்டா என்று என்னிடம் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

"தொழுநை," என்றேன். "ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கும் மேலாக நம்ம பாட்டில் இருக்கிற ஆறு. அந்நியமில்லை." பிறகு யம, களிந்த மலை, கிரேக்கர், பாரசீகம் எல்லாம் சொன்னேன். காபி ஆறிப்போகும்வரை சொன்னேன்.

"பாத்தீங்களாப்பா? நம்ம ஆறுதான்," என்றான் மகன்.

அவர் எழுந்து பால்கனிக்குப் போய்க் கலயத்தின் துணி முடிச்சை இறுக்கிக் கட்டினார்.

மறுநாள் காலை படகில் நானும் போனேன். தண்ணீர் கறுப்பாக இருந்தது. சாஸ்திரிகள் யமுனைக் கரை என்று சங்கல்பத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். குளிர்காலத்துக்கு வந்திருந்த வெள்ளைப் பறவைகள் நூற்றுக்கணக்கில் சுற்றின. பக்கத்துப் படகில் ஒரு ஜோடி ஓமப்பொடி வீசி, "ஆவோ, ஆவோ" என்று அவற்றைக் கூவி அழைத்து, செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தது. மகன் கலயத்தைக் கவிழ்த்தான். இதையும் தீனி என்று எண்ணிப் பறவைகள் பாய்ந்தன. ஒன்று எதையோ கொத்தி மேலே தூக்கிப்போய்க் கீழே போட்டது.

அவர் சால்வையை உருவி வீசினார். "போ! சீ, போ!"

படகுக்காரன் சிரித்தான். "அங்கிள்ஜி, இதெல்லாம் சைபீரியாவிலிருந்து வந்தது. உங்க மதராஸி பாஷை எப்படிப் புரியும்?"

மகனும் லேசாகச் சிரித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவுக்குப் பறந்தான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க லிஃப்டில் அவரைப் பார்க்க நேர்ந்தது. "என்ன சார், புதுப் பேர் ஏதாவது சிக்கிச்சா?" என்பார். ஒருநாள் ஆபீசுக்குப் போகும் நாலைந்து பேர் நடுவே, "நாத்தம்னு அர்த்தம் வர்ற பேர் உங்க நோட்டுல உண்டா?" என்று கேட்டார். நான் தரைத்தளம் வரும்வரை எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த ஆடிப் பதினெட்டு அன்று கதவைத் தட்டினார்.

"அவ சொன்னது எந்த வருஷம்னு பையன் கேட்டானே. யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், வரமாட்டேங்குது. அன்னிக்கு நீங்களும் இருந்தமாதிரி தோணுது. எழுதி வெச்சிருப்பீங்களோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த வருஷ டைரியை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். அவர் மனைவி சொன்ன வார்த்தைகள் அப்படியே மேற்கோள் குறிக்குள் இருந்தன, நேரத்தோடு.

"பையன் கேட்ட அன்னிக்கு இது உங்களுக்கு ஞாபகம் இருந்துதா?"

"இருந்தது."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ரெண்டு பேருக்கும் காவிரின்னு பேசி வெச்சிருந்தோம். இப்ப நான் மட்டும் அங்க போய் என்ன பண்றது? அவ இருக்கிற சாக்கடையிலதான் என்னையும் கொட்டணும். வேற வழி வெச்சியா நீ?"

இத்தனை வருஷத்தில் அவர் என்னை நீ என்றது அதுதான் முதல் தடவை. டைரியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, லிஃப்டுக்குக் காத்திராமல் படியிறங்கிப் போனார்.