மூன்று ஏரிகளின் தண்ணீர்

கொடைக்கானலில் நான் வேதியியல் ஆசிரியை. மாணவிகளுக்குக் காட்டலாமே என்று சில வருடங்களுக்கு முன்பு மூன்று ஏரிகளின் தண்ணீரை மாதாமாதம் எடுத்துச் சோதித்துப் பார்த்தேன். ஒன்று டவுன் ஏரி. இன்னொன்று காட்டுக்குள் இருப்பது. மூன்றாவது, மேல்மலை ஊர் ஒன்றில் பூண்டு வயல்களுக்கு நடுவே இருந்த சின்ன ஏரி. ஊரே குடிப்பது அதைத்தான்.

அந்த ஏரிக்கரையில் ஓர் அக்கா பூண்டு போட்டிருந்தார். கணவரை இழந்தவர். பாறை வழுக்கும் என்பதால், நான் குனிந்து பாட்டிலை முக்கும்போதெல்லாம் பின்னாலிருந்து என் ஸ்வெட்டரை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

"டவுன் ஏரி பாசியாக் கெடக்கு டீச்சர். இங்க பாருங்க, அடியில கெடக்குற கல்ல எண்ணிரலாம்" என்பார்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மழை முடிந்து எடுத்த தண்ணீரில் கணக்கு மாறியது. நம்பாமல் மறுபடி சோதித்தேன். மதுரை ஆய்வகத்துக்கும் அனுப்பிப் பார்த்தேன். மூன்றில் மலக்கிருமியும் உரத்தின் உப்பும் அதிகம் இருந்தது அந்தத் தெளிந்த தண்ணீரில்தான். கரைமேட்டில் குவித்திருந்த கோழி எருவை மழை உள்ளே இறக்கியிருந்தது.

பரீட்சை மார்க் சொல்வதுபோல அவரிடம் போய்ச் சொன்னேன். "அக்கா, இதக் காய்ச்சாமக் குடிக்காதீங்க. மூணுல இதுதான் மோசம்."

முதலில் சிரித்தார். எருவைப் பற்றி விளக்கியதும் சிரிப்பு நின்றது. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க வீட்டுக்காரரு வயித்துப்போக்குல ஆஸ்பத்திரில கெடந்தாருங்க. அங்க குடுத்த தண்ணி அவருக்கு எறங்கல. வெள்ளனே பஸ்ஸப் பிடிச்சு, கேன்ல இதத்தான் கொண்டுபோவேன். காய்ச்சின தண்ணி மட்டும் குடுங்கன்னு நர்சம்மா சொன்னாங்க. நான் அதக் கொட்டிட்டு இதக் குடுப்பேன். கடைசிவரைக்கும் நிக்கவே இல்லங்க. நான் குடுத்ததுதானா டீச்சர்?"

ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே அவர் கணவருக்கு நோய் இருந்தது, அன்றைக்குத் தண்ணீர் எப்படி இருந்ததென்று யாருக்கும் தெரியாது என்றேன். இரண்டுமே உண்மை. இல்லை என்ற ஒரு சொல்லை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குள் இறங்கிவிட்டார்.

அடுத்த மாதம் அவர் ஏரிக்கு வரவில்லை. ஊர்க்கூட்டத்தில் நான் பேசியபோது ஆட்கள் கோபப்பட்டார்கள். "பாட்டன் காலத்துலருந்து குடிக்கிறோம். எங்க பூண்டு யாவாரத்தக் கெடுக்க வந்தீங்களா?" என்று ஒருவர் கத்தினார். அப்போது பின்வரிசையிலிருந்து அக்கா எழுந்தார்.

"காய்ச்சிக் குடிங்க. எருவ ஏரிக்கு மேல குமிக்காதீங்க. ஏன்னு என்கிட்ட கேக்காதீங்க."

அவ்வளவுதான். வெளியே போய்விட்டார். கூட்டம் அடங்கிவிட்டது. அந்த வாரமே சிலர் எருவைக் கீழ்ப்பக்கம் மாற்றினார்கள்.

மறு வருட மழைக்குப் பிறகு கிருமி குறைந்திருந்தது. அதைச் சொல்லத்தான் அவரைத் தேடிப் போனேன். வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, கொடைக்கானல் டவுனை ஒட்டிய நாயுடுபுரத்தில் மகள் வீட்டில் இருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து உட்காரவைத்து டீ கொடுத்தார். பள்ளிக்கூடத்தைப் பற்றி, என் முழங்கால் வலியைப் பற்றியெல்லாம் விசாரித்தார். ஏரிப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. தண்ணீர் தேறியிருக்கிறது என்று சொன்னால், முன்பு கெட்டிருந்தது என்பதைத்தான் மறுபடியும் சொன்னதாகும். டீயைக் குடித்துவிட்டு, வருகிறேன் என்று எழுந்து வந்தேன்.