மாமாவின் காலில் இரண்டு விரல்

அம்மாவின் காலில் ஓராண்டாக ஆறாதிருந்த புண் ஆறத் தொடங்கியபோது, அதற்கான பெருமை முழுவதையும் நானே எடுத்துக்கொண்டேன். எனக்குப் பதினொரு வயது. மீன் சந்தையில் நாள் முழுக்க நின்று அம்மாவின் கால் வீங்கி, உள் கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து நீர் கசிந்துகொண்டிருந்தது. வாரம் ஒருமுறை கிளினிக்கில் தாதி ஒருவர் புண்ணைக் கழுவி, மருந்து வைத்து, விரல்களை மட்டும் வெளியே விட்டு முழங்கால் வரை இழுபடும் பண்டேஜைச் சுற்றுவார். "இறுக்கிக் கட்டினால்தான் நீர் வத்தும், புண் மாறும்" என்பார். இடையில் அவிழ்ந்துபோனால் திரும்பக் கட்ட எனக்கும் பழக்கியிருந்தார்.

கட்டுவதற்கு முன் அவர் ஒவ்வொரு முறையும் அம்மாவின் புறங்காலில் இரண்டு விரல்களை வைத்து, கண்ணை மூடிச் சற்று நேரம் பேசாமல் இருப்பார். குருநகரில் கத்தோலிக்கக் கோயிலுக்குப் பக்கத்தில் வளர்ந்த எனக்கு அது செபமாகத்தான் தெரிந்தது. அவர் நெற்றியில் திருநீறு இருந்தது கொஞ்சம் குழப்பம். அவர்களுடைய செபம் இப்படியாக்கும் என்று விட்டுவிட்டேன்.

அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, பக்கத்து வீட்டில் இருந்தார். கடற்தொழில், வாயில் எந்நேரமும் சுருட்டு. அந்த வருடம் அவர் காலிலும் ஒரு புண் வந்தது. வெளிக் கணுக்காலில், ஆணி இறக்கிய துளை அளவுதான். ஆனால் அவரால் காலை நீட்டிப் படுக்க முடியவில்லை. கட்டிலுக்குக் கீழே தொங்கப்போட்டால்தான் வலி குறைந்தது. கிளினிக்குக்கு வரச்சொல்லி அம்மா கெஞ்சிப் பார்த்தார்.

"போனால் ஆஸ்பத்திரி வாட்டிலை போட்டிடுவினம். திருநாள் முடியட்டும், வாறன்" என்றார் மாமா.

திருநாளன்று புனிதரின் சிலையான சுருவத்தை வைத்த கூட்டைத் தோளில் சுமந்து தெருக்களைச் சுற்றுவார்கள். கூட்டைத் தாங்கும் கொம்புகளில் முன் வலது கொம்பு மாமாவின் தோளுக்கு உரியது. அவருடைய தகப்பனிடமிருந்து வந்தது. ஒரு வருடம் விட்டால் அது வேறொருவர் தோளுக்குப் போய்விடும்.

திருநாள் காலையில் அம்மா முதலிலேயே கோயிலுக்குப் போய்விட்டார். மாமா வந்து கதிரையில் இருந்தார்.

"கொம்மாவுக்குக் கட்டிற மாதிரி எனக்கும் கட்டிவிடு பிள்ளை. நல்லா இறுக்கிக் கட்டு. கூடு தூக்கவேணும்."

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அம்மாவின் கழுவிக் காயவைத்த பண்டேஜை எடுத்தேன். மாமாவின் கால் சில்லென்றிருந்தது. கடலில் நிற்கிற கால்தானே என்று நினைத்தேன். கோயில் மணி அடித்துவிட்டதால் செபத்தை விட்டுவிட்டேன்.

"நோகுதா மாமா?"

"இல்லை. இன்னும் இறுக்கு" என்றார். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்து கூடு புறப்பட்டது. நான் பெண்பிள்ளைகளின் வரிசையில் பின்னால் நடந்தேன். எல்லோரும் சுருவத்தைப் பார்க்க, நான் என் கட்டைப் பார்த்தேன். இரண்டாம் சந்தியில் மாமா காலை இழுக்கத் தொடங்கினார். முன்னால் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். பண்டேஜுக்கு வெளியே தெரிந்த விரல்கள் நாவற்பழ நிறத்தில் இருந்தன.

"மாமா, விரல் நீலமாய்க் கிடக்கு."

"பேசாமல் நட."

பேசாமல் நடந்தேன். அதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அம்மா பத்தடி தள்ளித்தான் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். கட்டியது நான் என்பதால் வாய் வரவில்லை. இன்னும் மூன்று தெரு. கோயில் வாசலில் கொம்பை இன்னொருவர் தோளுக்கு மாற்றியதும் மாமா படியிலேயே சரிந்தார். கட்டை அவிழ்த்தேன். தோலில் ஒவ்வொரு சுற்றும் வரியாகப் பதிந்திருந்தது. நிறம் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் கடமையில் இருந்தவர் அதே தாதி. மாமாவின் புறங்காலில் இரண்டு விரல்களை வைத்துக் கண்ணை மூடினார். நெடுநேரம் இருந்தார். பிறகு களிபோல ஒன்றைப் பூசி ஒரு சின்ன மெசினை வைத்தார். கிளினிக்கில் ஒருமுறை அம்மாவின் காலில் குபுகுபு என்று சத்தம் போட்ட மெசின், மாமாவின் காலில் வெறுமனே இரைந்தது.

"இந்தக் காலுக்கு ரத்தமே ஒழுங்காய் வாறேல்லை. இதைப்போய் ஆர் இறுக்கிக் கட்டினது?"

"நான்தான் கட்டினனான்" என்றார் மாமா.

தாதி அம்மாவின் கையிலிருந்த பண்டேஜைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

காலையே வெட்டி எடுக்க வேண்டிவரலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். கடைசியில் அடைபட்ட ரத்தக்குழாய்க்கு ஒப்பரேஷன் செய்து, இரண்டு கால்விரல்களை எடுப்பதோடு விட்டார்கள். அந்தத் தாதி என்னைத் தனியே கூப்பிட்டு, தான் செய்தது செபமில்லை, நாடித்துடிப்பைத் தேடுவது என்று சொன்னார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாமா வீடு வந்தபின் ஒவ்வொரு பின்னேரமும் போய் அவர் புறங்காலில் என் இரண்டு விரல்களையும் வைத்து, பலம் கொண்டமட்டும் அழுத்துவேன்.

"துடிக்குது மாமா."

"ஓம் பிள்ளை. அப்ப பயமில்லை" என்பார்.

இப்போது நான் வேலை செய்யும் அலுவலகத்தில் முதலுதவி வகுப்பு ஒன்று வைத்தார்கள். நாடி பார்க்கும்போது அழுத்தாதீர்கள், அழுத்தினால் உங்கள் விரலின் துடிப்புத்தான் உங்களுக்குத் தெரியும் என்றார் வகுப்பெடுத்தவர். அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். மாமாவை வீட்டுக்கு விடும்போதே தாதி அவரிடம் சொல்லித்தான் அனுப்பினாராம்: ரத்தம் ஓடுவது மெசினில்தான் கேட்கும், அந்தக் காலில் விரலுக்கு ஒன்றும் தெரியாது என்று. அதைக் கேட்டுக்கொண்டு வந்தவர்தான் எனக்காகப் பின்னேரந்தோறும் காலை நீட்டிக்கொண்டிருந்தார்.