வாயால் சொன்ன சம்மதம்

கரூரிலிருந்து கடல் கடந்து கிள்ளானுக்கு வந்த புதிதில் ஒரு தேநீர் வாங்குவதே எனக்குச் சிரமமாக இருந்தது. எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள கடையில், "சீனி கொறச்சுப் போடவாக்கா?" என்று கேட்பார்கள். நான் தலையை ஆட்டுவேன். கலக்குகிறவர் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நிற்பார். மறுபடி கேட்பார், மறுபடி ஆட்டுவேன். "அக்கா, ஆமாவா இல்லையா? வாயால சொல்லுங்க, லா!" என்பார் கடைசியில், எதற்கும் ஒட்டும் இந்த ஊர் 'லா'வோடு. அவரும் தமிழர்தான். ஆனால் நம் ஊர்த் தலையாட்டல் இங்கே செல்லாது. கரூரில் அதற்குச் சரி என்றும் பொருள், பார்க்கலாம் என்றும் பொருள், கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள் என்றும் பொருள். எது எந்த நேரத்தில் என்பது எதிரில் நிற்பவருக்குத் தானாகத் தெரியும். இங்கே அது எந்த அளவுக்கு வம்பில் கொண்டுபோய் விடும் என்பது இரண்டாவது குழந்தைக்கு முழுகாமல் இருந்தபோதுதான் தெரிந்தது.

எனக்குப் பிரசவம் பார்த்த டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. கைராசிக்காரர் என்று எல்லோரும் சொன்னார்கள். பேச்சு மட்டும் விரைவு ரயில். பிரசவத் தேதி நெருங்கியபோது, வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "எல்லாம் நன்றாக இருக்கிறது. வியாழக்கிழமை வந்து சேர்ந்துவிடுங்கள், மருந்து வைத்து வலியை வரவைத்துவிடலாம். ஓகே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். காதில் விழுந்தது என்பதுதான் அதற்குப் பொருள். வெளியே வருவதற்குள் எனக்குக் கட்டில் பதிவாகிவிட்டது.

காரில் கணவர் உற்சாகமாக இருந்தார். பக்கத்தில் மேரு என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை. நாள் தெரிந்தால் விடுப்பு எடுக்க வசதி.

"நான் சரின்னு சொல்லலைங்க" என்றேன்.

"தலைய ஆட்டுனியே, நான்தான் பார்த்தேனே!"

"ஆட்டினேன். ஆனா சொல்லல."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூத்தவள் கரூரில் பிறந்தாள். அங்கே டாக்டர் என்னைத் தொட்டுப் பார்ப்பார், பேசுவதெல்லாம் என் மாமியாரிடம். என்ன ஊசி என்று கேட்க நான் வாயைத் திறந்ததற்கு, "அவ ஒண்ணும் சொல்ல மாட்டாளுங்க டாக்டர், நீங்க பண்ணுங்க" என்று அத்தை முந்திக்கொண்டார். பாசத்தில் சொன்னதுதான். அந்த மருத்துவமனையில் யாரும் கெட்டவர்கள் இல்லை. குழந்தை பிறந்ததும் துடைத்துச் சுற்றி வெளியே கொண்டுபோனார்கள். பெரியப்பா பார்த்தார், சித்தப்பா பார்த்தார், கார் ஓட்டி வந்தவர்கூடப் பார்த்தார். பெற்ற நான் பார்த்தபோது அவள் தூங்கியிருந்தாள். அவளுடைய முதல் விழிப்பை நான் பார்க்கவில்லை. அந்த ஏக்கம் இத்தனை வருடமும் உள்ளே இருந்தது என்பதே, இங்கே கட்டில் பதிவான அன்றுதான் எனக்குப் புரிந்தது.

மறுநாள் காலையிலேயே திரும்பிப் போனேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பட் யூ செட் யெஸ், லா."

"நோ டாக்டர். ஐ செட் நத்திங்."

"யூ டிட் லைக் திஸ்" என்று அவர் தலையை ஆட்டிக் காட்டினார். அச்சு அசல் எங்கள் ஊர் ஆட்டம்! பக்கத்தில் நின்ற தாதி திரேசா, கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "டாக்டர், இந்தியாவுல இருந்து வர்றவங்க இப்படித்தான். யெஸ்ஸும் இல்ல, நோவும் இல்ல, சும்மா லிசனிங்!"

டாக்டரும் சிரித்தார். எனக்குத் தைரியம் வந்தது. காத்திருந்தால் ஆபத்து உண்டா என்று கேட்டேன். "இன்றைக்கு இல்லை" என்றார். அதிகபட்சம் ஒரு வாரம் பொறுக்கலாம், ஆனால் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து குழந்தையின் துடிப்பைப் பார்க்க வேண்டும், அசைவு குறைந்தால் உடனே ஓடிவர வேண்டும் என்றார். அதன் பிறகும் வலி வராவிட்டால் மருந்துதான். சம்மதம் என்றேன். இன்னும் இரண்டு கேட்டேன். எதைச் செய்தாலும் முதலில் என்னிடம் சொல்ல வேண்டும். குழந்தை நன்றாக இருந்தால் முதலில் என் நெஞ்சில் வைக்க வேண்டும். "கேன்" என்றார்; முடியும் என்பதற்கு இங்கே அந்த ஒரு சொல் போதும். பிறகு விரலை நீட்டி, "ஆனால் நீங்களும் வாயால் பதில் சொல்ல வேண்டும்" என்றார்.

ஐந்தாம் நாள் மத்தியானம், மகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது வலி தானாக வந்தது. பக்கத்து வீட்டில் அவளை விட்டுவிட்டுப் போனோம். மல்லாந்து படுக்கச் சொன்னபோது, உட்கார்ந்தால் வலி தாங்க முடிகிறது என்றேன். டாக்டர் பார்த்துவிட்டுச் சரி என்றார். திரேசா கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திவிட்டார். கணவரின் கையை நான் பிடித்த பிடியில் அவர்தான் "அம்மா!" என்று கத்தினார்.

கடைசி நேரத்தில் டாக்டர் குனிந்து, "தலை தெரிகிறது. கண்ணாடி பிடிக்கச் சொல்லட்டுமா, பார்க்கிறீர்களா?" என்று கேட்டார். பழக்க தோஷம், தலையை ஆட்டிவிட்டேன்.

"மவுத்!" என்றார் டாக்டர்.

"வாயிக்கா, வாயி!" என்றார் திரேசா.

"வேணும்!" என்று தமிழில் அலறினேன். அந்த அறையே சிரித்தது. நானும் சிரித்தேன், அந்த வலியிலும். இரண்டு மூச்சில் மகன் வந்துவிட்டான். வழுக்கிக்கொண்டு, சூடாக, கோபமாக என் நெஞ்சில் கிடந்தான். அழுகையை நிறுத்தி, ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தான். அவனை முதலில் பார்த்தது நான். அவன் முதலில் பார்த்ததும் என்னைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் தூளிப் பிரச்சினை வந்தது. இங்கே வீட்டுக்கு வீடு, தொட்டிலைத் தடித்த சுருள்கம்பியில் மாட்டுகிறார்கள். அது மேலும் கீழும் துள்ளும். கரூரிலிருந்து அம்மா வெளுத்துப்போன பருத்திச் சேலை ஒன்றை அனுப்பி, தூளி கட்டித்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார். கணவர் கடைக்குப் போய்ச் சுருள்கம்பி வாங்கிவந்து, அம்மாவின் சேலையை அதிலேயே மாட்டினார். மூத்தவள் பிடித்து மேலும் கீழும் இழுக்கிறாள். நான் பக்கவாட்டில் ஆட்டுகிறேன். நடுவில் அவன் எந்தப் பக்கமும் இல்லாமல், எல்லாப் பக்கமும் போய்வந்தபடி, அசந்து தூங்குகிறான்.