புலியங்காடும் புளியங்காடும்

அண்ணன் மகளின் கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்த அன்றே செல்போனிலும் வந்தது. அச்சில் முகூர்த்தம் ஆறு மணி, போனில் ஏழரை. பிழையை ஒன்றில் மட்டும் திருத்தியிருக்கிறார்கள். சரிசெய்யும்வரை எல்லோரையும் நச்சரித்தேன். இந்த வியாதி எனக்கு ஒட்டிக்கொண்டது எண்பதுகளின் கடைசியில், தர்மபுரியில்.

அப்போது ஓர் அரசு அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றும் தற்காலிக வேலை எனக்கு. ஏசி இருந்தது கம்ப்யூட்டர் அறை ஒன்றில்தான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். அந்தக் குளிரின் பெருமையில் கொஞ்சம் மிதந்துகொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆழ்துளைக் கிணறு போட வேண்டிய சிற்றூர்களின் பட்டியல் வந்தது. எனக்கு வந்த தாள் ஆங்கிலத்தில். அச்சகத்துக்குப் போனது தமிழில். ஏரியூர்ப் பக்கம் ஒரே பெயர் இரண்டு முறை இருந்தது. கண்காணிப்பாளரைக் கேட்டேன்.

“ஒண்ண எடுத்துடும்மா” என்றார். எடுத்தேன். பெரிய சாமர்த்தியசாலி என்ற நினைப்பு வேறு.

அச்சகம் ஜமீலா அக்காவுடையது. அவர் அச்சுப் பிரதியைச் சத்தமாக வாசிப்பார்; எதிரே உட்கார்ந்து நான் கம்ப்யூட்டர் தாளில் விரல் வைத்துக்கொண்டே போவேன். எழுத்துகளைக் கழுவும் மண்ணெண்ணெய் வாசனை மூக்கைத் துளைக்கும். இன்றும் அந்த வாசனை வந்தால் எனக்கு வரிசையாக ஊர்ப் பெயர்கள் வரும். அன்று என் விரல் பாதியில் நின்றது.

“புளியங்காடு ஆச்சுக்கா. அடுத்தது?”

“புலியங்காடு.”

“அதத்தான் படிச்சிட்டீங்களே.”

“அது கொழம்புல கரைக்கிற புளி, கண்ணு. இது கடிக்கிற புலி.”

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துகள். நான் எடுத்தது ஒரு முழு ஊரை. துளை போடும் லாரி என் பட்டியலைப் பார்த்துத்தான் திங்கட்கிழமை புறப்படும்.

ஓடிப்போய்க் கண்காணிப்பாளரிடம் சொன்னேன். அவர் அசரவில்லை. “கம்ப்யூட்டர்ல இல்லியே. பிரஸ்ல தப்பா கோத்திருப்பாங்க. அங்க எடுக்கச் சொல்லும்மா.”

ஜமீலா அக்கா மறுத்துவிட்டார். “பாக்காம ஒரு எழுத்தக்கூட எடுக்க மாட்டேன். வா, நேர்ல போயிட்டு வந்துரலாம்.”

ஞாயிற்றுக்கிழமை ஏரியூருக்கு பஸ். அங்கிருந்து நடந்து புளியங்காடு. அதையும் தாண்டி ஒற்றையடிப் பாதையில் போனால் கரட்டுக் குன்றுக்குப் பின்னால் புலியங்காடு. எதிரே குடத்தோடு வந்த புலியங்காட்டுப் பெண்ணிடம் தண்ணீருக்கு என்ன வழி என்று கேட்டோம்.

“தண்ணிக்குப் புளியங்காட்டுக்குத்தாங்க போறோம். அவிங்க புடிச்சு முடிச்சப்புறம்தான் எங்களுக்கு.”

ஊர்ப் பெயர் எழுதிய சான்று ஏதாவது வேண்டும் என்றேன். “ரேசன் கார்டு வூட்டுல இருக்குதுங்க” என்று எடுத்துவந்து, யாரென்றே தெரியாத எங்கள் கையில் கொடுத்தார். தர்மபுரி வந்து சேரும்வரை கார்டு இருந்த பையை மடியிலிருந்து நான் இறக்கவில்லை.

திங்கட்கிழமை கண்காணிப்பாளர் வருவதற்கு முன்பே அவர் அறை வாசலில் நின்றேன். என் தப்பை நான் எழுதியிருந்த தாளையும் கார்டையும் இரண்டு முறை படித்தார்.

“நீ செஞ்ச தப்ப நீயே எழுதிக் குடுக்கற. வேல போயிரும்னு பயமில்லியா?”

“இருக்குதுங்க சார். ஊரச் சேக்கறதுக்குக் கையெழுத்துப் போடுங்க.”

போட்டார். வேலையும் போகவில்லை. லாரி கிளம்புமுன் புதிய தாளை ஓட்டுநர் கையில் கொடுத்தேன். கார்டைத் திருப்பிக் கொடுக்க நானே போனேன். அன்றிலிருந்து நானும் ஜமீலா அக்காவும் ஒரு நோட்டு வைத்தோம். கம்ப்யூட்டரிலோ அச்சிலோ ஓர் எழுத்து மாறினாலும் அன்றைக்கே மற்றதிலும் மாற வேண்டும். இருவரும் கையெழுத்திட வேண்டும்.

ஜமீலா அக்கா இப்போது இல்லை. அச்சகமும் இல்லை. எதிரே ஆள் வைத்து வாசிப்பவர்களும் இல்லை. போன வருஷம் ஏரியூர்ப் பக்கம் போனபோது அந்த ஒற்றையடிப் பாதையைத் தேடினேன். ஊருக்குள்ளேயே தண்ணீர் வந்து, குடத்தோடு நடப்பது நின்றுபோய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. பாதை இருந்த இடம் முழுக்க முள் மூடிக் கிடந்தது.