பத்தாவது சுற்றில் ஊதிய சங்கு

அந்தச் சனிக்கிழமை ராயபுரம் திடலில் நடந்த ஹெவிவெயிட் சாம்பியன் சண்டைக்கு நேரம் பார்த்து மணியடித்தவன் நான். ரயில்வே ஒர்க்‌ஷாப்பின் டைம் ஆபீஸில் குமாஸ்தா என்பதால் அந்த வேலையை என்னிடம் தந்திருந்தார்கள். மணி என்பது கம்பத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டுதான்.

மோதியவர்களில் ஒருவர் எங்கள் ஒர்க்‌ஷாப் கொல்லர், வியாசர்பாடிக்காரர். மற்றவர் காசிமேட்டுக் கட்டுமரக்காரர். முன்பு இரண்டு முறை மோதி, ஆளுக்கொன்று வென்றிருந்தார்கள். போன சண்டையில் கொல்லரின் இடது கண்ணில் ரத்தம் கட்டியது. அங்கே இன்னொரு அடி விழுந்தால் பார்வை போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு கண் போனவரை உலைக்களத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். பட்டத்தை விட மனமில்லாமல், அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

நாலு மணிக்குத் தொடங்கியிருந்தால் பத்துச் சுற்றும் நாலு முப்பத்தொன்பதுக்கு முடிந்திருக்கும். தளர்ந்திருந்த கயிறுகளை இறுக்கிக் கட்டியதில் நாலு இருபத்து மூன்று ஆகிவிட்டது. அதை நோட்டில் குறித்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

இரண்டாவது சுற்றில் கட்டுமரக்காரரின் மூக்கு உடைந்தது. நான்காவதில் கொல்லரின் உதடு கிழிந்து, பல் ஒன்று என் மேஜைக்கருகே வந்து விழுந்தது. ஏழாவதில் அவர் விலாவில் விழுந்த குத்து, நெல் மூட்டையை மாடியிலிருந்து போட்டதுபோல் கேட்டது. அப்போதும் இடது கையைக் கண்ணை விட்டு இறக்கவில்லை.

"இன்னா மாமு, மூஞ்ச மூடிக்கினுகீற? புதுப் பொண்ணா நீ?" என்று காசிமேட்டுக் கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

"மூடிக்கினே ஒங்காளு மூக்க ஒடச்சிட்டாரு. தொறந்தா இன்னா ஆவும்னு பாத்துக்க," என்றார் கொல்லரின் மச்சான்.

பத்தாவது சுற்றுக்குத் தட்டியபோது நாலு ஐம்பத்தொன்பது. புள்ளிகளில் கொல்லர் முன்னால். மூன்று நிமிடம் விழாமல் நின்றால் போதும். ஒரு நிமிடம் போயிற்று. ஒர்க்‌ஷாப்பில் ஐந்து மணிச் சங்கு ஊதியது.

அந்தச் சங்கு கேட்டால் ஓங்கிய சம்மட்டியைக்கூட அடிக்காமல் இறக்கிவிடுவார்கள் எங்கள் ஆட்கள். கொல்லருக்குப் பதினேழு வருடப் பழக்கம். இரண்டு கைகளும் இறங்கின. கட்டுமரக்காரருக்கு அது எங்கோ கேட்கும் சத்தம். அவர் குத்து நேராக இடது கண்ணில் இறங்கியது. விழுவதற்குள் அதே இடத்தில் இன்னொன்று. புருவம் பிளந்து, முகத்தின் அந்தப் பாதி ரத்தத்தில் மூழ்கியது. நடுவர் பத்து எண்ணி முடித்தார்.

மச்சான் என் சட்டையைப் பிடித்தார். "சங்கு எப்ப ஊதும்னு ஒன்ன வுட எவனுக்கு சார் தெரியும்? ஒரு வார்த்த சொல்லக் கூடாது?"

நான் நோட்டில் சண்டை முடிந்த நேரத்தைக் குறித்தேன்.

மூன்று வாரம் கழித்து, கண்ணில் கட்டோடு கொல்லர் டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார். தினமும் வேலைக்கு வரும்போது காட்டும், எண் பொறித்த பித்தளைப் பில்லையை நீட்டினார். "எய்திக்க சார். இனிமே எனக்கு இது வாணாம்."

பில்லையை வாங்கிக்கொண்டு நேரம் எழுதினேன். ஒன்பது பத்து. அவர் அதுவரை ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை.