சாமி ஒதுங்கிய வகுப்பறை

போன வருஷம் ஆடியில் பெய்த முதல் மழையோடு என் தூக்கம் போனது. அன்றைக்கு எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் கூரைக் காரை பெயர்ந்து கரும்பலகைக்குப் பக்கத்தில் விழுந்தது. பிள்ளைகள் மேல் படவில்லை. முருகன் காப்பாற்றினான் என்று எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். என்னால் அப்படிப் போக முடியவில்லை.

அடியார்களே, எனக்கு நிதானமாகச் சொல்ல வராது. பொறுத்துக்கொள்ளுங்கள். என் பெயர் செல்வி. காஞ்சிபுரத்தில் பட்டுத் தறி ஓடும் தெரு ஒன்றில் இருக்கிறோம். வீட்டுக்காரர் ஏகாம்பரம் நெய்கிறார், நான் இழை சுற்றிக் கொடுக்கிறேன். ஒரே மகள் கயல் அந்தப் பள்ளியில் அப்போது நாலாவது படித்தாள். பெற்றோர்கள் சேர்ந்து என்னைப் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி ஆக்கியிருந்தார்கள். இவளுக்கு வாய் இருக்கிறதே என்று ஆக்கியிருப்பார்கள்.

கட்டடத்தைப் பார்க்க வந்த இன்ஜினியர், இந்த வருஷத்துக்குள் கூரைக்குப் பணம் வராவிட்டால் பள்ளியை மூடி, பிள்ளைகளை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சாலையில் லாரியும் ஷேர் ஆட்டோவும் பறக்கும். யார் கொண்டுபோய் விடுவது? விடிந்தால் தறிக்குழியில் இறங்குகிற சனங்கள் நாங்கள். பாதிப் பெண் பிள்ளைகள் வீட்டோடு நின்றுவிடும். எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். என் படிப்பை ஆறாவதோடு நிறுத்தியதும் அப்படி ஒரு தூரம்தான்.

பணம் ஏன் வரவில்லை என்று கேட்க மாநகராட்சி வரி ஆபீசுக்கு ஓடினேன். அங்கே இருந்தவர் நல்ல மனுஷர், உட்காரச் சொன்னார். “அம்மா, வீட்டு வரியோட சேர்ந்துதான் கல்வி வரி வருது. அதை வெச்சுதான் ஸ்கூல் மராமத்து. உங்க தெருவுல முக்கால்வாசி வீடு கட்டறதேயில்ல. நான் எங்கருந்து எடுக்கிறது?” என்றார்.

கட்டாததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. புதிதாக அளக்க வந்தவர்கள் தறி இருக்கும் கூடத்தைக் கடை என்று வைத்துவிட்டார்கள். வரி ஏறிவிட்டது. அந்தத் தப்பைத் திருத்தும்வரை கட்ட மாட்டோம் என்று தெருவே முறுக்கிக்கொண்டு நின்றது. நிற்க வைத்தவர் யார் என்கிறீர்கள்? என் வீட்டுக்காரர்தான்.

இதே மனுஷர்தான் எங்கள் தெரு முருகன் கோயிலுக்குத் தலைக்கட்டு வரி வாங்குகிறவர். குடும்பத்துக்கு இவ்வளவு என்று வைத்து, சஷ்டி விழாவுக்காக வாங்குவது. கட்டாத வீட்டு வாசலில் சாமி நிற்காது, பல்லக்கு நேரே போய்விடும். அந்த மானக்கேட்டுக்குப் பயந்தே முட்டி மோதியாவது எல்லாரும் கட்டிவிடுவார்கள்.

“சாமிக்கு மட்டும் ஓடி ஓடி கட்றீங்க. புள்ளைங்க படிக்கிற எடத்துக்குக் கட்ட மாட்டீங்களா?” என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“அது சாமி வரி, இது சர்க்கார் வரி. ரெண்டும் ஒண்ணா, சொல்லு. அவன் தப்பா அளப்பான், நான் வாயை மூடிக்கினு கட்டணுமா?”

“தப்புன்னு எழுதிக் குடுத்துட்டுக் கட்டுங்க.”

“கட்டிட்டா அப்புறம் எவன் திருத்துவான்?”

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அதுதான் என்னை இன்னும் அலைக்கழித்தது. வீடு வீடாகப் போனேன். “உன் வூட்டுக்காரரைக் கேட்டுக்கினு வாம்மா” என்று சிரித்து அனுப்பினார்கள். இழை சுற்ற உட்கார்ந்தால் இழை அறுந்தது. குழம்பில் இரண்டு தரம் உப்பு விழுந்தது. வானம் கறுத்தால் போதும், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பள்ளிக்கு ஓடுவேன்.

ஐப்பசி வந்தது. சஷ்டி விரதம் இருந்தேன். நாலாம் நாள் சன்னதியில் எல்லாரும் உருகிப் பாடிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பாட்டு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வாய்விட்டே சொன்னேன். “முருகா, உனக்குக் கருங்கல் மண்டபம், அதனால உனக்குத் தெரியல. ஒரே ஒரு நாள் அந்தக் கூரைக்குக் கீழ வந்து உக்காரு. அப்புறம் சொல்லு.” பக்கத்தில் நின்ற ஓர் அம்மா, “சாமிகிட்டப் பேசற பேச்சா இது?” என்று முறைத்தாள். எனக்கும் பயமாகிவிட்டது. விபூதியைப் பூசிக்கொண்டு வந்துவிட்டேன்.

சூரசம்ஹாரம் முடிந்து மறுநாள் திருக்கல்யாணம். வெயில் தாழ்ந்ததும் தெய்வானையோடு சாமி புறப்பட்டது. புதுப் பட்டு, சந்தனக் காப்பு. பள்ளிக்கூடத்தை நெருங்கும்போது வானம் பொத்துக்கொண்டது. தூறல் எல்லாம் இல்லை, எடுத்ததுமே கொட்டு. “எங்கனா ஒதுங்குங்கப்பா!” என்று பூசாரி கத்தினார். எங்கள் வீடுகளின் வாசல் குறுகல், பல்லக்கு நுழையாது. பெரிய கேட் இருந்தது பள்ளிக்கு மட்டும்தான். தூக்கினவர்கள் அதற்குள் ஓடினார்கள்.

நீள வகுப்பறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் பல்லக்கை இறக்கினார்கள். இறக்கின உடனே சாமி தலையில் சொட்டு விழுந்தது. நகர்த்தினார்கள். அங்கேயும் சொட்டு. என் வீட்டுக்காரர் குடையை விரித்துப் பிடித்தார். இந்தப் பக்கம் பிடித்தால் அம்மாள் நனைந்தாள், அந்தப் பக்கம் பிடித்தால் ஐயா நனைந்தார். மேளக்காரர்கூட வாசிப்பை நிறுத்திவிட்டார்.

கயல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“அப்பா, அங்க வெக்காதப்பா. பீரோகிட்ட அந்த மூலையில வெய்யி. மழை வந்தா நாங்க எல்லாரும் அங்கதான் உக்காருவோம்.”

“எல்லாருமா?”

“ஆமாம்பா, அஞ்சு கிளாஸும். பையை மடியில வெச்சிக்கினு உக்காந்தா எடம் பத்தும்.”

பல்லக்கை அங்கே கொண்டுபோனார்கள். வைத்ததும் அந்த மூலை நிறைந்துவிட்டது. இன்னொரு ஆள் நிற்க இடம் இல்லை. என் வீட்டுக்காரர் அந்த மூலையையும் கயலையும் மாறி மாறிப் பார்த்தார். நான் கேட்டது பலித்துவிட்டது. ஆனால் சந்தோஷம் வரவில்லை. ஐயோ, சாமியை நனைய வைத்துவிட்டேனே என்று அழுதேன்.

மழை விட்டதும் ஒருத்தர், “விழா மிச்சத்துல கூரையைச் சரி பண்ணிக் குடுத்துரலாம்பா, புண்ணியம்” என்றார். எனக்கு அழுகை நின்று மறுபடியும் ஆத்திரம் வந்தது. “புண்ணியம் இந்த வருஷத்துக்கு ஆவும். அடுத்த வருஷம் தண்ணிக் குழாய் ஒடைஞ்சா யார்கிட்ட கையேந்தறது? இது தானம் இல்ல. நாம கட்ட வேண்டிய வரி” என்றேன்.

என் வீட்டுக்காரர் ஈரக் குடையை மடக்கிக்கொண்டே சொன்னார். “வர்ற அமாவாசைக்குத் தறி நிறுத்தறோமில்ல? அன்னிக்கு எல்லாரும் வரி ஆபீசுக்குப் போறோம். அளவு தப்புன்னு மனுவும் குடுப்போம், வரியும் கட்டுவோம்.”

அந்த அமாவாசை ஆபீஸ் திறந்திருக்கும் நாளாக வந்ததும் அவன் செயல்தான். தெருவே வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, நெற்றி நிறைய விபூதியோடு வரிசையில் நின்றது. முன்பு என்னை உட்காரச் சொன்னவர் இப்போது எழுந்து நின்றார்.

அதோடு கூரை வந்துவிட்டதா? எங்கே! முருகன் மழையை அனுப்பினான், எஸ்டிமேட்டை நான்தான் நடையாய் நடந்து வாங்கினேன். ஆனால் “உங்க தெரு கட்டல” என்று சொல்ல இனி ஒருவருக்கும் வாய் இல்லை. கோடை விடுமுறையில் வேலை முடிந்தது. பள்ளியை மூடும் பேச்சு அடங்கியது. அளவுத் தகராறு பாதி வீடுகளுக்குத்தான் தீர்ந்திருக்கிறது. எங்கள் கூடம் இன்னும் கடைதான். என் வீட்டுக்காரர் திட்டிக்கொண்டேதான் கட்டுகிறார். கட்டுகிறார், அது போதும் எனக்கு.

முன்பெல்லாம் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வருவேன். இப்போது கும்பிட்டுவிட்டு ஆபீசுக்குப் போகிறேன். உங்களுக்கு நான் சொல்வதும் இதுதான். அவனிடம் நயமாகக் கேட்க வரவில்லையா, கோபமாகக் கேளுங்கள். பெற்ற பிள்ளை கத்தினது என்று எந்த அப்பனும் கதவைச் சாத்த மாட்டான். நம்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா மட்டும் உட்காராதீர்கள்.

இந்த ஐப்பசியில் முதல் மழை பள்ளி நேரத்தில் வந்தது. பழக்கதோஷம், இழையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். மூச்சு வாங்க ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அறை முழுக்கப் பிள்ளைகள் அவரவர் இடத்தில் பரவி உட்கார்ந்திருந்தார்கள். கயல் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

“ஏம்மா மழையில நனைஞ்சிக்கினு நிக்கற? இங்க பாடம் நடக்குது. வூட்டுக்குப் போ.”

போனேன். தெரு நெடுக நனைந்துகொண்டே, முருகா முருகா என்று சிரித்துக்கொண்டே போனேன்.